மாஸ்தா சாலையில் இன்னும் 1967

பெல்ஜியத்தின் மலைக்காட்டில் பந்தயம் நின்றுபோன ஒரு சாலை. அதன் ஓசையையும் ஓட்டத்தையும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் எவ்வளவு தூரம் நிஜமாகப் பிடித்து வைத்திருக்கின்றன?

மால்மெடி நகரிலிருந்து ஸ்தவலோவுக்குப் போகும் என்-68 சாலை, கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகிறது. இரண்டு பக்கமும் புல்வெளி, மேயும் மாடுகள், தள்ளித் தள்ளிப் பண்ணை வீடுகள். நடுவில் மாஸ்தா என்கிற குக்கிராமம் வருகிறது. அங்கே சாலை லேசாக இடது பக்கம் சாய்ந்து, உடனே வலது பக்கம் நிமிர்ந்துகொள்கிறது. வளைவை ஒட்டியே வீடுகள். மரம் ஏற்றிய லாரிகளும் வேலைக்குப் போகிறவர்களின் கார்களும் அதை வளைவாகவே மதிக்காமல் கடந்துபோகின்றன.

ஆனால் பெல்ஜியம் பக்கமே வராத எத்தனையோ பேருக்கு இந்த வளைவு மனப்பாடம். எந்த வீட்டைத் தாண்டியதும் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்காமல் இருந்தால் கார் எந்தச் சுவர் பக்கம் நழுவும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சொல்லிக் கொடுத்தது கம்ப்யூட்டர். அவர்கள் இந்தச் சாலையில் மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறார்கள், வீட்டு மேஜையை விட்டு எழுந்திருக்காமலேயே.

இது பழைய ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் பந்தயப் பாதையின் ஒரு துண்டு. ஃபிராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்தவலோ ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்த பொதுச் சாலைகளே ஒரு காலத்தில் பந்தயப் பாதையாக இருந்தன. ஒரு சுற்று சுமார் 14.1 கி.மீ. 1979-ல் அது ஏறக்குறைய பாதியாகச் சுருக்கப்பட்டது. இன்று ஃபார்முலா ஒன் கார்கள் ஓடும் 7 கி.மீ. பாதை, பழையதன் ஒரு பகுதியையும் புதிதாகப் போட்ட ஒரு பகுதியையும் சேர்த்துத் தைத்தது. மிச்சமிருந்த சாலை லாரிகளுக்கும் மாடுகளுக்கும் திரும்பிப் போய்விட்டது.

எல்லையைத் தாண்டிய பாதை

லியேஜ் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 50 கி.மீ. தள்ளி, ஆர்தென் மலைக்காடுகளுக்குள் இருக்கிறது ஃபிராங்கோர்ஷாம். பக்கத்து ஊரான ஸ்பா கனிம ஊற்றுகளுக்குப் பேர்போனது. ஆங்கிலத்தில் ‘ஸ்பா’ என்கிற சொல்லே இந்த ஊரின் பெயரிலிருந்து வந்ததுதான். 2021-ல் ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஊற்று நகரங்களில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலிலும் அது ஏறியது. மண்ணில் இரும்புச் சத்து அதிகம். பந்தயப் பாதையின் அடியில் ஓடும் ஓடைக்கு ஓ ரூஜ் என்று பெயர். பிரெஞ்சில் ‘சிவப்புத் தண்ணீர்’ என்று அர்த்தம்.

இந்த ஓடைப் பக்கம்தான் ஒரு காலத்தில் ஜெர்மனியின் எல்லை. மால்மெடி பெல்ஜியத்தோடு சேர்ந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920-ல். அடுத்த ஆண்டே, 1921-ல், மூன்று ஊர்களையும் சுற்றி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. 1925-ல் முதல் பெல்ஜியம் கிராண்ட் ப்ரீ. பழைய சுங்கச் சாவடி இருந்த இடத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருந்தது. 1939-ல் அதை நீக்கிவிட்டு, மலைச் சரிவில் நேராக ஏறும் ரெய்டியோன் சாலையைப் போட்டார்கள். இதைக் கட்டியவர்களின் நோக்கம் ஒன்றுதான்: வேகம். கார்களைத் தாமதப்படுத்துவதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனார்கள்.

பலன் கிடைத்தது. 1967 ஜூனில் ஸ்காட்லாந்தின் ஜிம் கிளார்க், லோட்டஸ் 49 காரில் தகுதிச் சுற்றை 3 நிமிடம் 28.1 விநாடியில் முடித்தார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 244 கி.மீ. அதுவும் வீடுகளும் தந்திக் கம்பங்களும் மரங்களும் தடுப்பு எதுவுமின்றி ஓரத்தில் நிற்கும் கிராமத்துச் சாலையில். பெரும்பாலான டிரைவர்கள் அப்போது இருக்கைப் பட்டை கூட அணிவதில்லை.

விற்காத விளையாட்டு

இந்த 1967-ஐத்தான் 1998-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த பாப்பிரஸ், டேவிட் கேமரின் தலைமையில் உருவாக்கிய அந்த விளையாட்டின் பெயர் ‘கிராண்ட் ப்ரீ லெஜண்ட்ஸ்’. அந்த ஆண்டின் 11 பந்தயங்கள், அந்த ஆண்டின் கார்கள். பிரெஞ்சுப் பந்தயத்துக்கு மட்டும், நிஜத்தில் நடந்த லெ மான் நகரின் சலிப்பூட்டும் பாதைக்குப் பதிலாக ரூவான் நகரத்துப் பாதை. உரிமம் கிடைக்காததால் கூப்பர் கார் ‘கவன்ட்ரி’ ஆனது. அமெரிக்கப் பதிப்பில் ஹோண்டா ‘முராசாமா’ ஆனது.

ஏன் 1967? காரணம் இருக்கிறது. மறு ஆண்டே கார்களில் விளம்பரம் ஒட்ட ஆரம்பித்தார்கள். அதே 1968-ல், இதே ஸ்பாவில்தான், ஃபெராரியும் பிராபமும் தங்கள் கார்களில் இறக்கை பொருத்திக்கொண்டு வந்தன. காற்று காரைத் தரையோடு அழுத்தும் காலம் அங்கே தொடங்கியது. 1967 கார் அதற்கு முந்தைய தலைமுறையின் கடைசி. எடை 500 கிலோ சொச்சம், சக்தி 400 குதிரைக்கு அருகில், தரையோடு பிடித்துவைக்க டயரைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கார் என்ன செய்கிறது என்பது முழுக்க முழுக்க டிரைவரின் கையிலும் காலிலும் இருந்தது.

விளையாட்டு சரியாக விற்கவில்லை. வாங்கியவர்களில் பலர் முதல் வளைவையே தாண்டவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் கார் பம்பரமாகச் சுற்றியது. மற்ற விளையாட்டுகள் ஆட்டக்காரரின் தப்பைக் கண்டும் காணாமல் விட்ட காலத்தில், இது ஒரு விநாடிக்கு 288 முறை காரின் நிலையைக் கணக்கிட்டு, ஒவ்வொரு தப்புக்கும் தண்டனை கொடுத்தது. பொறுமையாகக் கற்றுக்கொண்ட சிறு கூட்டம் மட்டும் அதை விடவேயில்லை. ரசிகர்களே மேலும் நூற்றுக்கணக்கான பாதைகளை அதற்காக வரைந்தார்கள். மற்ற ஆண்டுகளின் கார்களையும் சேர்த்தார்கள். கேமர் பின்னர் ‘ஐரேசிங்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அதிலும் லோட்டஸ் 49 இடம்பிடித்தது.

நழுவுவதில் ஒரு நிதானம்

பழைய பாதையை ஒரு சுற்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தால், நிஜம் என்று எதைச் சொல்கிறோம் என்பது புரியும். லா சூர்ஸ் கொண்டை ஊசி வளைவிலிருந்து இறங்கி, ஓ ரூஜ் பாலத்தைக் கடந்து, ரெய்டியோன் மேட்டில் ஏறி, கெம்மல் நேர்ச்சாலையின் முடிவில் லே கோம்ப். இன்றைய கார்கள் இங்கே வலது பக்கம் திரும்புகின்றன. பழைய பாதை இடது பக்கம் திரும்பி, மலையின் மறுபக்கம் இறங்கியது. இறக்கத்தின் நடுவில் புர்னன்வில் என்கிற ஊர். அங்கே முடிவே இல்லாததுபோல் நீளும் ஒரு வலது வளைவு.

அந்த வளைவில் 1967 கார் தண்டவாளத்தில் போவதுபோல் போனதில்லை. நான்கு சக்கரங்களும் ஒருசேர வெளிப்பக்கம் நழுவிக்கொண்டே போகும். மூக்கு உட்பக்கம் பார்த்திருக்கும். டிரைவர் ஸ்டியரிங்கால் திருப்புவது கொஞ்சம். ஆக்ஸிலரேட்டரால் திருப்புவதுதான் அதிகம். காலை அரை அங்குலம் அழுத்தினால் பின்பக்கம் அகலும். தளர்த்தினால் மூக்கு உள்ளே வரும்.

இதற்குக் காரணம் டயர். டயர் பார்க்கும் திசையும் கார் போகும் திசையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே எப்போதும் ஒரு சிறு கோணம் உண்டு. இன்றைய பந்தய டயர் மிகச் சிறிய கோணத்தில் முழுப் பிடிமானத்தைத் தரும். அதைத் தாண்டினால் பட்டென்று கைவிடும். குறுக்கு நெடுக்காக இழை போட்டு நெய்த அன்றைய டயர், பெரிய கோணம் வரை போகவிடும். எல்லையைத் தாண்டிய பிறகும் மெதுவாகத்தான் நழுவும். டிரைவருக்கு யோசிக்க நேரம் கொடுக்கும்.

விளையாட்டை எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசெய்க்காவின் பெயரால் அறியப்படும் சூத்திரம் ஒன்று, எந்த டயரின் பிடிமானத்தையும் வளைகோடாக வரைந்து தரும். ஆனால் சூத்திரத்துக்குள் போட எண்கள் வேண்டும். எண்கள் வேண்டுமென்றால் டயரைச் சோதனைக் கூடத்தில் உருட்டி அளக்க வேண்டும். 1967-ன் பந்தய டயர் இன்று கிடைக்காது. கிடைத்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். பழைய கார் பந்தயங்களுக்காக டன்லப் போன்றவை இன்றும் அந்தப் பாணியில் டயர் செய்கின்றன. வடிவம் பழசு, ரப்பர் புதுசு. ஆகவே விளையாட்டில் இருக்கும் டயர், பழைய படங்கள், சுற்று நேரங்கள், ஓட்டியவர்களின் நினைவுகள், நிறைய ஊகம் எல்லாம் சேர்த்துக் குழைத்தது.

பிடிமானத்தின் எல்லை வரை பெரும்பாலும் சரியாக வந்துவிடும். எல்லையைத் தாண்டிய பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் தவறு நேர்கிறது. ‘பனிக்கட்டிமேல் ஓட்டுவதுபோல் இருக்கிறது’ என்று பழைய விளையாட்டுகளைப் பற்றி வந்த பொதுவான புகாருக்கு இதுவே காரணம். கார் ஒரு முறை நழுவ ஆரம்பித்தால் நிஜத்தைவிட அதிகமாக நழுவியது. கஷ்டமாக இருப்பதே நிஜம் என்று ஒரு கூட்டம் நம்பவும் ஆரம்பித்தது. அன்றைய படச்சுருள்களைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஸ்டியரிங்கோடு யாரும் மல்லுக்கட்டுவதில்லை. கிளார்க்கின் கைகள் அசைவதே தெரியாது.

காதுதான் உடம்பு

புர்னன்வில் முடிந்து மால்மெடியைத் தொட்டுத் திரும்பினால் மாஸ்தா நேர்ச்சாலை. இங்கே டிரைவருக்கு வேலை குறைவு. என்ஜினுக்கு வேலை அதிகம். கடைசி கியரில், முழு வேகத்தில், நீண்ட நேரம் அது ஒரே சுருதியில் பாடிக்கொண்டே இருக்கும். ஓசையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு குரல் இருந்ததற்குக் கணக்கு எளிது. நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். லோட்டஸில் இருந்த 8 சிலிண்டர் காஸ்வொர்த் நிமிடத்துக்கு 9,000 முறை சுற்றும்போது விநாடிக்கு 600 வெடிப்பு. ஈகிள், ஃபெராரி கார்களின் 12 சிலிண்டர் என்ஜின் அதே வேகத்தில் சுற்றினால் 900 வெடிப்பு. முன்னது அடித்தொண்டையிலிருந்து குரைக்கும். பின்னது மேல் ஸ்தாயியில் வீறிடும். ஃபிராங்கோர்ஷாமில் நிற்கும் ரசிகருக்கு, பள்ளத்தாக்கின் மறுபக்கம் வருவது யார் என்று கண்ணால் பார்க்காமலே சொல்ல முடிந்தது.

இதை எப்படிப் பதிவு செய்கிறார்கள்? காரை உருளைகள்மேல் ஏற்றியோ பாதையில் ஓடவிட்டோ, புகைக்குழாய் அருகே ஒரு மைக், காற்று உறிஞ்சும் குழல்கள் அருகே ஒன்று, டிரைவரின் காதருகே ஒன்று. என்ஜினைக் குறிப்பிட்ட வேகங்களில் நிறுத்தி நிறுத்தி, காலை அழுத்தியபோது ஒரு முறை, தளர்த்தியபோது ஒரு முறை. பிறகு அந்தத் துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒன்றோடொன்று கலந்து, இடைப்பட்ட வேகங்களுக்குச் சுருதியை ஏற்றி இறக்கி ஒலிக்கவைக்கும். துண்டுகள் குறைவாக இருந்தால் டேப் ரெக்கார்டரை வேகமாக ஓட்டினால் வரும் கீச்சுக் குரல்தான் கிடைக்கும். 1990-களின் விளையாட்டுகளில் கேட்ட கொசு ரீங்காரத்தின் ரகசியம் இதுதான். இப்போது ஒலியைக் கடுகளவு துணுக்குகளாக நறுக்கிக் கோத்துத் தருகிறார்கள். முன்னேற்றம் காதுக்கே தெரிகிறது.

ஆனாலும் ஒரு தடை நீங்கவில்லை. அரை நூற்றாண்டைத் தாண்டிய என்ஜினை உச்ச வேகத்தில் நிமிடக்கணக்கில் அலறவிட எந்த உரிமையாளரும் துணியமாட்டார். உடைந்தால் பாகம் கடையில் கிடைக்காது. வார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆகவே மாஸ்தாவில் கேட்க வேண்டிய அந்த உச்ச ஸ்தாயி, பல நேரம் கீழ் ஸ்தாயியிலிருந்து இழுத்து நீட்டியதாகவே இருந்துவிடுகிறது.

யாருடைய காதுக்கு நிஜம் என்ற கேள்வியும் உண்டு. பலரின் மனதில் பதிந்திருக்கும் 1960-களின் ஓசை, சாலையோரம் நின்றவர் கேட்டது. அல்லது, ஜான் ஃபிராங்கன்ஹைமர் 1966-ல் ஸ்பா உள்ளிட்ட பாதைகளில் படமெடுத்த ‘கிராண்ட் ப்ரீ’ திரைப்படம் கேட்கவைத்தது. ஒலிக்காகவும் ஒலி விளைவுகளுக்காகவும் அந்தப் படம் ஆஸ்கர் விருதுகளை வாங்கியது. டிரைவர் கேட்டது வேறு. என்ஜின் அவர் முதுகுக்குப் பின்னால். புகைக்குழாய் அதற்கும் பின்னால். முன்னால் காற்றின் இரைச்சல், பின்னால் கியர்ப் பெட்டியின் ஊளை, உடம்பெல்லாம் அதிர்வு. இனிமைக்கு அங்கே இடமில்லை. ரசிகர் காதுக்கு இனிமையாக இருக்கும் விளையாட்டு, டிரைவரின் இருக்கையைப் பொறுத்தவரை பொய் சொல்கிறது.

இன்னொரு பொய் எல்லோரும் ஒப்புக்கொண்டது. அது இல்லாமல் விளையாடவே முடியாது. திறந்த காரில் 400 குதிரை சக்தி என்ஜின் அலறும்போது டயரின் கிறீச்சொலி டிரைவருக்கு அநேகமாகக் கேட்காது. அவருக்கு அது தேவையும் இல்லை. கார் நழுவுவதை இடுப்பு சொல்லும், முதுகு சொல்லும், கழுத்து சொல்லும். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே விளையாட்டில் டயர்கள் உரக்கப் பேசுகின்றன. லேசாக நழுவினால் முனகல், எல்லைக்கு வந்தால் கிறீச், தாண்டினால் ஓலம். விசையுணர்த்தும் ஸ்டியரிங் கையில் இருந்தால், பிடிமானம் குறையும்போது அது லேசாவதும் தெரியும். மற்றதெல்லாம் காதின் பொறுப்பு. நல்ல ஆட்டக்காரரின் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டால் அவர் மூன்றாவது வளைவில் காட்டுக்குள் போய்விடுவார்.

ஆகவே ஓசை நிஜமா, ஓட்டம் நிஜமா என்று தனித்தனியாகக் கேட்பதில் அர்த்தமில்லை. இந்த விளையாட்டுகளில் ஓசைதான் ஓட்டத்தின் பாதி. பழைய காஸ்வொர்த் என்ஜினின் சக்தி சுமார் 6,500 சுற்றுக்கு மேல் திடீரென்று பொங்கி வந்து டிரைவரைத் திணறவைத்தது. விளையாட்டில் அந்தப் பொங்கலை முதலில் அறிவிப்பது என்ஜினின் குரல் மாற்றம். குரல் தப்பானால் கால் தப்பாகும். கால் தப்பானால் காரும் தப்பாகத்தான் போகும்.

திருப்புளி

மாஸ்தா வளைவு. 1966 பெல்ஜியம் கிராண்ட் ப்ரீயின் முதல் சுற்றில், பாதி தூரத்தில் திடீர் மழை பிடித்துக்கொண்டது. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் பி.ஆர்.எம். கார் இங்கே சாலையை விட்டுப் பறந்து, மோதி நசுங்கிப் பண்ணை வீட்டருகே கிடந்தது. பெட்ரோல் டாங்கி கிழிந்து, உடம்பெல்லாம் பெட்ரோல் நனைய அவர் சுமார் 25 நிமிடம் சிக்கிக்கொண்டிருந்தார். காப்பாற்ற அதிகாரி யாரும் வரவில்லை. அதே மழையில் சறுக்கி நின்ற சக டிரைவர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுராண்டும்தான் வந்தார்கள். ஸ்டியரிங்கைக் கழற்றாமல் அவரை வெளியே இழுக்க முடியாது. அதற்கான திருப்புளியை வேடிக்கை பார்த்தவர் ஒருவரிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. அதன் பிறகு ஸ்டூவர்ட் தன் காரிலேயே ஒரு திருப்புளியைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். பாதுகாப்புக்காக அவர் தொடங்கிய போராட்டமும் அங்கிருந்துதான்.

மறு ஆண்டு அதே ஸ்டூவர்ட் இங்கே இரண்டாவதாக வந்தார். கியர் தானாக நழுவிவிடாமல் இருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஓட்டி முடித்தார். ஜெயித்தவர் அமெரிக்காவின் டான் கர்னி, தன் சொந்த ஈகிள் காரில். கிளார்க் ஸ்பாவை அடியோடு வெறுத்தவர். 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை இங்கே ஜெயித்தவரும் அவர்தான். 1960-ல் இங்கே ஒரே பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோவும் ஆலன் ஸ்டேசியும் இறந்தார்கள். 1968 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் அவரும் போனார்.

1969-ல் பாதுகாப்பு போதாது என்று டிரைவர்கள் மறுத்ததால் பெல்ஜியம் பந்தயம் நடக்கவில்லை. 1970-ல் கடைசியாக ஒரு முறை ஃபார்முலா ஒன் பழைய பாதையில் ஓடியது. மற்றக் கார்கள் இன்னும் சில ஆண்டு ஓடின. 1973-ல் ஹென்றி பெஸ்கரோலோ, மாத்ரா காரில் 3 நிமிடம் 13.4 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். சராசரி மணிக்கு 262 கி.மீ. அந்தப் பாதையில் பந்தயத்தின்போது அதைவிட வேகமாக யாரும் போகவில்லை. இனிப் போகவும் முடியாது.

விளையாட்டில் மாஸ்தாவில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கார் புதுசாக வந்து நிற்கும். எத்தனை நுட்பமான டயர் சூத்திரமும் இந்த ஒரு பொத்தானைத் தாண்டி நிஜமாக முடியாது. நிஜ டிரைவர் மாஸ்தாவில் காலை எடுத்தாரா, எடுக்கவில்லையா என்பதுதான் அன்றைக்கு ஆளை அளந்த அளவுகோல். ஆட்டக்காரர் காலை எடுக்காததற்குக் காரணம் துணிச்சல் இல்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதன் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் இலையுதிர்காலம் நெருங்கும்போது ஸ்பாவின் இன்றைய பாதையில் பழைய பந்தயக் கார்களின் திருவிழா நடக்கிறது. நிஜக் கார், நிஜ என்ஜின், காது கிழியும் நிஜச் சத்தம். ஆனால் டயரின் ரப்பர் இன்றையது. சாலை வேறு, ஓரத்தில் தடுப்பு வேறு. விலைமதிப்பற்ற காரை எல்லை வரை விரட்ட மனம் துணிகிறவர்கள் சிலர்தான். கார் அசல், ஓட்டம் பெரும்பாலும் ஜாக்கிரதையானது. 1967 கார் தன் எல்லையில் எப்படி நடந்துகொள்ளும், அதுவும் புர்னன்வில் இறக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்ல, ஊகம் கலந்ததாக இருந்தாலும், இன்று மிஞ்சியிருப்பது அந்தக் கணக்குகள் மட்டுமே.

அவகாசமும் குறைந்துகொண்டே வருகிறது. கர்னி 2018-ல் காலமானார். 1966-ல் இங்கே ஜெயித்த ஜான் சர்டீஸ் 2017-லேயே போய்விட்டார். ‘இது சரியில்லை, பின்பக்கம் இவ்வளவு சீக்கிரம் போகாது’ என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இடங்களும் நிற்பதில்லை. ரூவானில் பழைய பந்தய மேடையும் பிட் கட்டடங்களும் 1999-ல் இடிக்கப்பட்டன. உயிரோடு இருக்கும் பாதையை லேசர் கருவியால் ஒவ்வொரு மேடு பள்ளமாக அளந்துவிடலாம். இத்தாலியின் ‘அசெட்டோ கோர்சா’ ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கை அப்படித்தான் அளந்து உள்ளே வைத்தது. பிரேசிலின் ‘ஆட்டோமொபிலிஸ்டா 2’ விளையாட்டில் 1970-ன் ஸ்பா முழுசாக இருக்கிறது. ஆனால் மறைந்த பாதையை அளக்க முடியாது. பழைய வரைபடம், புகைப்படம், படச்சுருள் இவற்றிலிருந்து கட்டித்தான் எழுப்ப வேண்டும். தமாஷுக்குச் செய்த விளையாட்டு, யாரும் கேட்காமலே ஆவணக் காப்பகத்தின் வேலையையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அதில் வரும் சின்னப் பிழைக்கும் பெறுமானம் உண்டு. நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூலம் இருக்காது. பிழையே சரித்திரமாக நின்றுவிடும்.

மாஸ்தாவைத் தாண்டினால் ஸ்தவலோ. ஊருக்குள் பழைய மடாலயம் ஒன்று. அதன் நிலவறையில் இந்தப் பந்தயப் பாதைக்கென்று ஓர் அருங்காட்சியகம். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் விளக்கொளியில் பளபளவென்று நிற்கின்றன, ஒரு சத்தமும் இல்லாமல். உருவத்துக்கு அருங்காட்சியகம் உண்டு. ஓசைக்கும் ஓட்டத்துக்கும் அப்படி ஓர் இடம் இல்லை.

அங்கிருந்து மேடேறும் சாலை, பிளான்ஷிமோன் அருகே இன்றைய பாதையோடு சேர்ந்து, மறுபடி லா சூர்ஸுக்குக் கொண்டுவிடுகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் இன்றைய பந்தய உலகம். 2014-லிருந்து ஃபார்முலா ஒன் என்ஜின்களின் சத்தம் அடங்கிவிட்டதாக ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பாதையோரக் கிராமங்களுக்கு அப்படி ஒரு குறை இருக்க நியாயமில்லை. ரெய்டியோன் மேட்டைத் தாண்டிய இடத்தில், 2019 ஆகஸ்ட் 31 அன்று, 22 வயது பிரெஞ்சு டிரைவர் ஆந்துவான் ஊபேர் விபத்தில் இறந்தார். தடுப்புகளும் ஓடுபாதையும் மருத்துவ வசதியும் எத்தனை வந்தாலும் நிஜத்தில் அந்தப் பொத்தான் கிடையாது.

பழைய பாதையில் பாதிக்கு மேல் யார் வேண்டுமானாலும் கார் ஓட்டிக்கொண்டு போகலாம். கட்டணம் இல்லை. லே கோம்ப் பக்கத்திலிருந்து புர்னன்வில் வழியாக இறங்கி, மால்மெடியைச் சுற்றி, மாஸ்தா வழியாக ஸ்தவலோ. கிளார்க்குக்கு முழுச் சுற்றுக்கு மூன்றரை நிமிடம் போதுமாயிருந்தது. சட்டப்படி போகிறவருக்குக் கால் மணி நேரம் போல் ஆகும். விளையாடிப் பழகியவர்கள் இங்கே வந்தால் முதலில் ஆச்சரியப்படுவது ஒரு விஷயத்துக்கு: சாலை இவ்வளவு குறுகலா? திரையில் அது எப்போதும் அகலமாகத்தான் தெரிந்தது.